‘ஸ்பெயின்’ என்று பெயர், ஓடுவது சம்பா

அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் சிக் கொரியாவின் ‘ஸ்பெயின்’ இசைத்துண்டில் ஸ்பெயின் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒரு அரைச்சுரம் என்றுதான் நான் சொல்வேன். ஜி என்ற மேற்கத்தியச் சுரத்திலிருந்து அதை ஒட்டிக் கீழே இருக்கும் எஃப் ஷார்ப்புக்கு இறங்குகிற அந்த ஓர் இறக்கம். முன்னால் ஒட்டியிருக்கும் ஸ்பெயின் இசையமைப்பாளர் ரொட்ரீகோவின் மெட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், மீதியெல்லாம் வேறு வேறு ஊர்ச் சரக்கு. தாளம் பிரேசிலின் சம்பா. வாசித்த கருவி அமெரிக்காவில் செய்த ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ. பதிவு நடந்தது லண்டனில். எழுதியவர் மசாசூசெட்ஸ் மாநிலத்துச் செல்சியில் 1941-ல் பிறந்த இத்தாலிய வம்சாவளிக்காரர். இருந்தும் முதல் தடவை கேட்பவர்கூடப் பெயரைக் கேட்டதும் ‘ஆமா, ஸ்பெயின்தான்’ என்று தலையாட்டிவிடுவார். அது எப்படி என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

நான் திருச்சியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுக்கிறேன். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். சின்ன வயதில் வீணை. அதனால் ஜாஸ் பற்றி நான் பேசும்போது பாதி கார்டு (பல சுரங்களை ஒன்றாக அழுத்தும் சுரக்கூட்டு), பாதி ராகம் என்று கலந்துதான் வரும். சுத்தமான ஜாஸ் ஆசாமிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘லத்தீன் ஜாஸ்’ என்று கடை அலமாரியில் எழுதி ஒட்டுகிறார்களே, அந்த லேபிளே எனக்கு எரிச்சல். கியூபாவும் பிரேசிலும் ஸ்பெயினும் அதற்குள் ஒரே மூட்டை. கியூபாக்காரருக்குத் தாளத்தின் முதுகெலும்பு கிளாவே என்ற அந்த ஐந்து தட்டு. பிரேசில் சம்பாவில் சுர்தோ என்ற பெரிய முரசு இரண்டாம் அடியில்தான் கனமாக விழும். தென் ஸ்பெயினில் இருக்கும் ஆண்டலூசியாவின் ஃப்ளமெங்கோ இசைக்குப் பன்னிரண்டு அடிச் சுற்றுகள் உண்டு. இது மூன்றும் ஒன்று என்று சொல்வது தவிலும் தபலாவும் டோலக்கும் ஒன்று என்று சொல்வதுதான்.

கொரியாவுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும். அப்பா அர்மாண்டோ ட்ரம்பெட் வாசித்தவர். பாஸ்டன் பக்கம் டிக்ஸிலேண்ட் என்ற பழைய பாணி ஜாஸ் குழு வைத்திருந்தவர். பையன் நாலு வயதில் பியானோவில் உட்கார்ந்தாயிற்று. நியூயார்க்குக்கு வந்த புதிதில், 1960-களின் தொடக்கத்தில், கியூபக் காங்கா முரசு மேதை மோங்கோ சந்தமரியா குழுவிலும் வில்லி போபோ குழுவிலும் வாசித்தார். (மோங்கோ குழுவிலிருந்து இவர் விலகிய சமயம் தற்காலிகமாக உள்ளே வந்தவர் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக். அப்போது மோங்கோ காதில் விழுந்த ஹான்காக்கின் ‘வாட்டர்மெலன் மேன்’ பிறகு மோங்கோவுக்கே பெரிய ஹிட் ஆனது. மெல்லிசைக் குழுக்களில் ஒருவர் வராத நாளில் இன்னொருவருக்கு வாழ்வு வருவது எங்கேயும் உண்டு போல.) அப்புறம் 1968-ல் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழு. எலெக்ட்ரிக் பியானோவுக்கு அவர் வந்ததே அங்கேதான். அங்கேதான் பிரேசில்காரர் அயர்த்தோ மொரேராவும் கூட வாசித்தார்.

1972-ல் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ என்று கொரியா சொந்தக் குழு தொடங்கியபோது, ட்ரம்ஸில் அயர்த்தோ. பாட்டுக்கு அவர் மனைவி ஃப்ளோரா பூரிம். பேஸில் ஸ்டான்லி கிளார்க். ஃப்ளூட், சாக்ஸஃபோனுக்கு ஜோ ஃபேரல். அந்த வருஷம் அக்டோபரில் லண்டனில் பதிவாகி, அடுத்த வருஷம் வெளிவந்த ‘லைட் அஸ் எ ஃபெதர்’ ஆல்பத்தின் கடைசித் துண்டு ‘ஸ்பெயின்’. பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆரம்பத்தில் தாளமே இல்லை. ரோட்ஸும், வில் போட்டு இழுக்கும் பேஸும் மட்டும். ஒரு நிமிஷத்துக்கு மேல் இப்படியே போகும். அந்த மெட்டு கொரியாவுடையது இல்லை. ஹொவாக்கின் ரொட்ரீகோ 1939-ல் பாரிஸில் இருந்தபடி எழுதிய ‘கொன்சியெர்த்தோ தே அரன்ஹுவெஸ்’ என்ற கித்தார் கச்சேரி இசையின் இரண்டாம் பகுதி. அரன்ஹுவெஸ், மாட்ரிட்டுக்குத் தெற்கே அரண்மனையும் தோட்டங்களும் உள்ள ஊர். ரொட்ரீகோவுக்கு மூன்று வயதிலேயே பார்வை போய்விட்டது. இசையைப் பிரெய்லில்தான் எழுதினார். உலகத்தின் மிகப் பிரபலமான கித்தார் கான்செர்ட்டோவை எழுதிய அவர் கித்தார் வாசிப்பவர் இல்லை, பியானோக்காரர். இதை நான் என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

அந்த மெட்டு கொரியாவிடம் வந்த வழியும் நேர்வழி இல்லை. 1960-ல் மைல்ஸ் டேவிஸும் இசைக்கோப்பாளர் கில் எவன்ஸும் சேர்ந்து கொண்டுவந்த ‘ஸ்கெச்சஸ் ஆஃப் ஸ்பெயின்’ ஆல்பத்தில் இதே பகுதியைப் பதினாறு நிமிஷத்துக்கு இழுத்து வாசித்திருப்பார்கள். அதைக் கேட்டு மயங்கித்தான் கொரியா இந்த மெட்டை விரலில் உருட்ட ஆரம்பித்தார். உருட்டி உருட்டி, ‘ஸ்பெயின்’ பிறந்தது. ரொட்ரீகோவின் அந்தப் பகுதி பி மைனர், அதாவது பி-யை ஆதாரமாக வைத்த மைனர் ஸ்கேல். ‘ஸ்பெயின்’ பாட்டு சுற்றிவிட்டு வந்து சேரும் வீடும் பி மைனர்தான். ஆகவே முன்னுரை வெறும் அலங்காரம் இல்லை. பின்னால் வரப்போகும் வேகமான பாட்டுக்கு ஸ்ருதி கூட்டி வைக்கும் வேலையை அது செய்கிறது.

முன்னுரை அடங்கியதும் சம்பா சட்டென்று பாயும். ஃப்ளூட், ரோட்ஸ், பேஸ் எல்லாம் ஒரே வரியை ஒன்றாக, மூச்சு விடாமல் வாசிக்கும் யூனிசன் வரி ஒன்று வருமே, அதுதான் இந்தப் பாட்டின் முகம். கார்டு கிடையாது, துணை கிடையாது, எல்லார் கையிலும் ஒரே சுரம். கோர்வை மாதிரி கேட்கும். ஆனால் கோர்வை மாதிரி கணக்குச் சரியாகி சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து உட்காராது. அடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே பாதி சுரங்கள் வந்து விழும். எங்கள் பேஸ்காரர் முதலில் இதை வாசித்தபோது ஒவ்வொரு தடவையும் சமத்தில் காலைத் தட்டினார். தட்டின காலுக்கும் வாசித்த கைக்கும் சண்டை.

“அண்ணே, காலை எடுங்க. அடி உள்ள ஓடட்டும்.”

“காலை எடுத்தா எனக்கு எங்க இருக்கோம்னே தெரியாதும்மா.”

“ட்ரம்ஸ் தம்பிதான் அடிச்சிக்கிட்டு இருக்கானே, அதைக் கேளுங்க.”

தீம் என்ற தலைமெட்டில் வருகிற கைதட்டுக்கும் இதே குணம். மெட்டு நிற்கும் சந்துகளில் கைதட்டு விழும், பெரும்பாலும் அடிக்கும் அடிக்கும் நடுவே. கல்யாண மண்டபத்தில் சவுண்ட் செக் போது ஒருமுறை இதை வாசித்தோம். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு பேர் உற்சாகமாகக் கைதட்ட ஆரம்பித்தார்கள், நேர் அடியில், வலுவாக. சம்பா அப்படியே மார்ச் ஆகிவிட்டது. மண்டப மேலாளர் பக்கத்தில் வந்து, “எந்தப் படம்மா இது? நல்லா இருக்கே” என்றார். அமெரிக்கக்காரர் ஒருத்தர் போட்டது சார் என்றேன். “அப்ப ரிசப்ஷனுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நியாயம்தான்.

சரி, என்னை இந்தப் பாட்டோடு கட்டிப்போட்ட இடத்துக்கு வருகிறேன். ஆளாளுக்குத் தனியாக வாசிக்கும்போது பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் கார்டு வரிசை. இருபத்து நாலு பார். பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி தாளத்தின் ஓர் அளவு. ஜாஸில் வழக்கமாகப் புழங்குவது 12 பார் ப்ளூஸ், அல்லது 8, 8, 8, 8 என்று பிரிந்த 32 பார். இது இரண்டிலும் சேராது. வரிசை இப்படி:

முதல் நாலு பார் ஜி மேஜர் 7. அடுத்த நாலு எஃப் ஷார்ப் 7. அதற்குப் பிறகு எல்லாம் இரண்டிரண்டு பார்: ஈ மைனர் 7, ஏ 7, டி மேஜர் 7, ஜி மேஜர் 7, சி ஷார்ப் 7, எஃப் ஷார்ப் 7, பி மைனர், பி 7. மறுபடியும் ஜி மேஜர் 7.

முதல் எட்டு பாரைப் பாருங்கள். ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப், ஒரே ஒரு அரைச்சுர இறக்கம். ஃப்ளமெங்கோ கித்தாரில் ஓயாமல் கேட்கும் ஒரு இறக்கம் உண்டு. இந்த ஸ்ருதியில் சொன்னால் பி மைனர், ஏ, ஜி, எஃப் ஷார்ப். ஆண்டலூசிய இறக்கம் என்பார்கள். அதன் கடைசிப் படிதான் இந்த ஜி, எஃப் ஷார்ப். கொரியா முழு இறக்கத்தையும் வைக்கவில்லை. முதல் இரண்டு கார்டைத் தூக்கிவிட்டார். கடைசிப் படியை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு பார் கொடுத்து அகலமாக்கிவிட்டார். பெயரை நியாயப்படுத்தும் அந்த அரைச்சுரம் இதுதான்.

இதில் ஒரு குசும்பு இருக்கிறது. ஃப்ளமெங்கோவில் அந்த எஃப் ஷார்ப் வந்ததும் வீடு வந்தாயிற்று. பாட்டு அங்கேயே நின்றுவிடலாம். ஜாஸ் காதுக்கோ எஃப் ஷார்ப் 7 என்றால் அது பி மைனருக்குப் போகத் துடிக்கும் கார்டு. ஒரே கார்டு, ஒரு காதுக்கு வீடு, இன்னொரு காதுக்கு வாசல்படி. நாலு பார் அதிலேயே நிற்கும்போது எது என்று நமக்கும் தெரியாது. நிற்கிறோமா, கிளம்பப் போகிறோமா?

கிளம்புகிறோம். ஆனால் பி மைனருக்கு இல்லை. சட்டென்று ஈ மைனருக்கு நழுவிவிடுகிறார். அங்கிருந்து ஈ, ஏ, டி, ஜி, சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி என்று நாலாம் நாலாம் சுரமாகத் தாவித் தாவி ஒரு நீண்ட சுற்று. ஜி-யிலிருந்து சி ஷார்ப்புக்குப் போகும் ஒரு தாவல் மட்டும் கொஞ்சம் நீளம். பி மைனர் ஸ்கேலுக்குள்ளேயே சுற்றி வர வேண்டுமென்றால் அங்கே அப்படித்தான் எட்டி வைக்க வேண்டும். நடுவில் டி மேஜர் வரும்போது வெயில் அடித்த மாதிரி ஒரு மலர்ச்சி. கடைசியில் மறுபடி எஃப் ஷார்ப் 7, இப்போது சந்தேகமில்லாமல் வாசல்படியாக. அதற்கப்புறம்தான் பி மைனர். ஐந்தாம் பாரில் வாங்கின கடனை இருபத்தோராம் பாரில் அடைக்கிறார். இவ்வளவு தாமதமாக வீடு திரும்புவதால்தான் அந்த பி மைனர் அவ்வளவு இனிக்கிறது.

அடைத்துவிட்டு உட்கார விடுகிறாரா? அதுவும் இல்லை. இரண்டே பாரில் பி மைனர் பி 7 ஆகிவிடுகிறது. டி இருந்த இடத்தில் டி ஷார்ப். பி 7 வந்தால் அடுத்தது ஈ மைனர் என்று கை தானாகப் போகும். வருவதோ ஜி மேஜர் 7, சுற்றின் தலை. ஏமாற்றம் போல இருக்க வேண்டும், ஆனால் காதில் இடிக்கவே இடிக்காது. ஏன் என்று கீபோர்டில் வைத்துப் பாருங்கள். ஜி மேஜர் 7-ல் இருப்பவை ஜி, பி, டி, எஃப் ஷார்ப். இடது கை சுண்டு விரலால் கீழே ஒரு ஈ வைத்தால் அது ஈ மைனர் 9. அதாவது நாம் எதிர்பார்த்த ஈ மைனர் வந்துவிட்டது, அடிச்சுரம் மட்டும் வரவில்லை. அதனால் சுற்று எங்கே முடிந்தது, எங்கே ஆரம்பித்தது என்று தையல் தெரியாது. நான் என் மாணவர்களுக்கு இந்தப் பாட்டை முழுசாகச் சொல்லித் தருவதில்லை. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் வாசிக்கச் சொல்வேன்: பி 7, பிறகு ஜி மேஜர் 7. வலது கையில் பி-யை விடாமல் பிடித்துக்கொண்டு, டி ஷார்ப்பை டி-க்கும் எஃப் ஷார்ப்பை அப்படியேயும், ஏ-யை ஜி-க்கும் நகர்த்தினால் போதும். நாலு விரலில் இரண்டுதான் நகரும். எட்டாம் வகுப்புப் பையன்கூட ‘அட’ என்பான்.

வீணைக்காரியாக இன்னொன்று. எஃப் ஷார்ப் 7 ஓடும்போது ஃபேரலோ கொரியாவோ தொடும் சுரங்களில் பெரும்பாலானவை பி ஹார்மோனிக் மைனரைச் சேர்ந்தவை. பி-யை ஷட்ஜமாக வைத்தால் அது நம் கீரவாணி. அதே சுரங்களை எஃப் ஷார்ப்பில், அதாவது கீரவாணியின் பஞ்சமத்தில் தொடங்கிப் பாடினால் வகுளாபரணம், பதினாலாவது மேளகர்த்தா ராகம். கிரக பேதம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஃப்ளமெங்கோவுக்கு நெருக்கமான ஸ்கேலும் இதுதான். என் காதுக்கு அந்த நாலு பார் வகுளாபரணத்தின் சாயல். பி மைனர் வந்ததும் அது கீரவாணியாகித் தெளியும். இதை வைத்துக்கொண்டு ‘எல்லாம் இங்கேயிருந்து போனதுதான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். ஏழு சுரத்துக்குள் சுற்றினால் சில சந்திப்புகள் நடக்கத்தான் செய்யும். வாசிக்கும்போது விரலுக்கு ஒரு பிடி கிடைக்கிறது, எனக்கு அது போதும்.

ஃபேரலின் ஃப்ளூட் தனி முதலில். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்து வரும் கொரியாவின் ரோட்ஸ். ரோட்ஸில் கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி மெல்லிய உலோகத் தண்டு ஒன்றைத் தட்டும். அதன் அதிர்வைப் பக்கத்திலிருக்கும் பிக்கப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். மெதுவாகத் தொட்டால் மணி; ஓங்கி அடித்தால் ஓர் உறுமல். கொரியா இந்த இரண்டுக்கும் நடுவில் வாசிப்பார், சுரங்களை வெட்டி வெட்டி, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கும்படி. இடது கை அடிக்கு முன்னாலேயே குட்டிக் குட்டியாகக் குத்திக்கொண்டிருக்கும். மோங்கோ குழுவில் பழகிய கை என்பது அங்கே தெரியும். கால் பிரேசிலில், இடது கை கியூபாவில். இப்போது வரும் கீபோர்டுகளில் ரோட்ஸ் சத்தம் என்று ஒரு பட்டன் இருக்கிறது. மணி வருகிறது. உறுமல் வருவதில்லை.

மூன்றாவதாகக் கிளார்க்கின் பேஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஆளுயர மர பேஸில் அந்த வேகத்தில் அவ்வளவு தெளிவாக வாசிப்பதைக் கேட்டுவிட்டு எங்கள் பேஸ்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கொரியாவுக்கே ஒரு கட்டத்தில் இந்தப் பாட்டு அலுத்துவிட்டது. போகிற இடமெல்லாம் இதைத்தான் கேட்பார்கள் என்றால் யாருக்குத்தான் அலுக்காது? 1970-களின் நடுவில் அலுப்பு வந்தது, மெட்டை ஒரு கணம் தொட்டுக் காட்டிவிட்டு வேறெங்கோ போய்விடுவேன் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1989-ல் பேஸுக்கு ஜான் பட்டிட்டுச்சி, ட்ரம்ஸுக்கு டேவ் வெக்கல் என்று தன் ‘அகூஸ்டிக் பேண்ட்’ குழுவில் பதிவு செய்தபோது கார்டுகளையே மாற்றிப் போட்டார். பிறகு ஆறு பேர் குழுவுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக விரித்து எழுதினார். 2001-ல் அந்த இசைக்கோப்புக்குக் கிராமி கிடைத்தது. 1973-ல் வந்த அசலுக்கு கிராமி பரிந்துரை கிடைத்ததோடு சரி. பிற்காலக் கச்சேரிகளில் ஒரு வரி வாசித்துவிட்டுச் சபையைத் திருப்பிப் பாடச் சொல்வார். வரி போகப் போகக் கடினமாகும், கூட்டம் சிரித்துக்கொண்டே தோற்கும். 2021 பிப்ரவரியில் மறையும் வரைக்கும் ‘ஸ்பெயின்’ அவரை விடவில்லை.

மற்றவர்கள் செய்ததில் அமெரிக்கப் பாடகர் அல் ஜாரோ 1980-ல் வரிகள் எழுதிப் பாடியதை எல்லாரும் சொல்வார்கள். நான் அதைவிட டொமினிக்கப் பியானோக்காரர் மிஷெல் கமிலோவும் அல்மேரியாக்காரரான ஃப்ளமெங்கோ கித்தார் கலைஞர் தொமத்தித்தோவும் சேர்ந்து செய்ததைப் பரிந்துரைப்பேன். ட்ரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஸ்பெயின்காரர் ஒருவர் கையில் அந்த ஜி, எஃப் ஷார்ப் இறக்கம் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளவாவது ஒருமுறை கேட்க வேண்டும். ஆல்பத்தின் பெயரும் ‘ஸ்பெயின்’தான். 2000-ல் லத்தீன் கிராமி முதல்முறை கொடுக்கப்பட்டபோது லத்தீன் ஜாஸ் விருது அதற்கே போனது.

எங்கள் ட்ரம்ஸ் தம்பிக்கு இதில் ஒரே ஒரு குறை. சுற்று முடிகிற மாதிரியே இல்லையாம். “பி 7 வந்ததும் நான் முடிக்கப் போறேன்க்கா, நீங்க மறுபடி ஜி போட்டுடறீங்க. எப்பத்தான் நிறுத்துறது?” கேள்வி சரிதான். கார்டு வரிசைக்குள் முற்றுப்புள்ளி கிடையாது. அசல் பதிவிலும் ஒருவர் தனியை முடித்து அடுத்தவர் எடுக்கும் இடத்தைக் காட்டுவது வெளியிலிருந்து வந்து விழும் அந்தக் கூட்டு வரிதான். ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் தலையைத் தூக்கிப் பேஸ்காரரைப் பார்த்தால் சுற்று முடிந்ததும் யூனிசன். பார்க்காவிட்டால் இன்னொரு இருபத்து நாலு பார்.